அடுத்த குழந்தை எப்போது? கர்ப்பத் தடை முறைகள் வேலை செய்யும் விதம்

ஆரம்ப சுகாதார நிலையம். பிரசவ வார்டு. காலை 8 மணி.

கட்டிலில் ஓர் இளம் தாய் படுத்து இருக்கிறாள். வயது 23. பக்கத்தில், பிறந்து ஒரு நாள் ஆன பெண் குழந்தை. கட்டில் காலைப் பிடித்துக் கொண்டு நிற்கிறான், மூத்த பையன். அவனுக்கு இன்னும் ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை.

"இரண்டு போதும், நர்சம்மா. இப்போதே ஆபரேஷன் செய்து விடுங்கள்" என்கிறாள் மாமியார்.

மருமகள் வாய் திறக்கவில்லை.

"நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று கேட்கிறார், நர்சு.

"உடனே இன்னொரு பிள்ளை வேண்டாம், அம்மா. ஆனால் ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கிறது. மூத்தவனுக்கு அடிக்கடி இழுப்பு வருகிறது. நாளைக்கு ஏதாவது ஒன்று..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கண் கலங்கி விட்டது.

"இவனுக்குப் பால் கொடுத்துக் கொண்டுதானே இருந்தேன்? பால் கொடுக்கிற வரையில் கரு தங்காது என்றார்கள். எப்படித் தங்கியது?"

அவளுடைய கணவன் வாசலில் நிற்கிறான். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். "இது பெண்கள் சமாசாரம். எனக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி நிற்கிறான்.

"உள்ளே வாங்க, தம்பி! இது உங்கள் சமாசாரமும்தான்" என்று நர்சு அவனைக் கூப்பிடுகிறார்.

இந்தக் காட்சியை எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் காணலாம். "ஒன்று, ஆபரேஷன். இல்லாவிட்டால், ஆண்டவன் விட்ட வழி" என்று நினைக்கிற குடும்பங்கள் இன்றும் ஏராளம். இந்த இரண்டுக்கும் நடுவில் பல வழிகள் உண்டு. அவை என்ன? எப்படி வேலை செய்கின்றன? எதை நம்பலாம்? எதில் என்ன தொந்தரவு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரு உண்டாவது எப்படி?

தடுக்கும் வழியைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால், முதலில் உண்டாகும் வழியைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பை இருக்கிறது. அது ஒரு பேரிக்காய் அளவு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய குழாய்கள் உண்டு. அவைதான் கருக்குழாய்கள். குழாய்களின் முனைக்குப் பக்கத்தில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன.

மாதத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு சினைப்பையில் இருந்து ஒரு முட்டை வெளியே வருகிறது. கருக்குழாய்க்குள் இறங்குகிறது. அதற்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான்.

கணவனும் மனைவியும் சேரும்போது, கோடிக்கணக்கான விந்து அணுக்கள் உள்ளே போகின்றன. அவை 5 நாள் வரை பெண்ணின் உடலில் உயிரோடு இருக்கும். அவற்றில் ஒன்று, குழாய்க்குள் முட்டையைச் சந்தித்துவிட்டால் கரு உண்டாகிறது. அது நகர்ந்து வந்து, கருப்பையின் உள் சுவரில் ஒட்டிக் கொள்கிறது. அங்கேயே வளர்கிறது.

ஆக, மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முட்டை வெளியே வரவேண்டும். விந்து அணு அதனிடம் போய்ச் சேர வேண்டும். உண்டான கரு, கருப்பையில் ஒட்டிக் கொள்ள வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை நிறுத்தினாலும் கர்ப்பம் இல்லை. உலகத்தில் உள்ள கர்ப்பத் தடை முறைகள் எல்லாம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் கை வைக்கின்றன.

ஒரு தடையும் இல்லாமல் வாழும் 100 பெண்களில், ஓர் ஆண்டில் ஏறக்குறைய 85 பேர் கர்ப்பம் ஆகிறார்கள். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக் கொண்டால், ஒவ்வொரு முறையும் எவ்வளவு பலன் தருகிறது என்பது தெளிவாக விளங்கும்.

பால் கொடுத்தால் போதுமா?

தாய்ப்பால் கொடுக்கும்போது முட்டை வெளிவருவது தள்ளிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு 6 மாதம் முடிந்து இருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. மாதவிலக்கு மறுபடியும் வந்து இருக்கக் கூடாது.

மூன்றில் ஒன்று தவறினாலும் நம்பிக்கை இல்லை. மாதவிலக்கு வருவதற்கு முன்பே முட்டை வந்துவிடும். "மாதவிலக்கே ஆகவில்லை, எப்படி உண்டானேன்?" என்று பல பெண்கள் கேட்பதற்கு இதுதான் காரணம். பிரசவ வார்டில் படுத்து இருந்த அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே. பையனுக்கு 8 மாதம் ஆனபோது அடுத்த கரு தங்கிவிட்டது.

ஒரு பிரசவம் முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழித்தே அடுத்த கரு உண்டாக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது, இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி. அதற்குள் உண்டானால் தாயின் உடம்பு தேறுவது இல்லை. ரத்தம் குறைகிறது. பிறக்கும் குழந்தை எடை குறைவாக இருக்கும் அபாயமும் அதிகம்.

முதலைச் சாணம்!

கர்ப்பத்தைத் தடுக்க வேண்டும் என்ற ஆசை புதியது அல்ல. மிகவும் பழையது.

எகிப்து நாட்டில், ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட வைத்தியச் சுவடி ஒன்று கிடைத்து இருக்கிறது. முதலைச் சாணத்தைக் குழைத்து உள்ளே வைத்துக் கொள்ளும்படி பெண்களுக்கு அதில் யோசனை சொல்லப்பட்டு இருக்கிறது! ஐரோப்பாவில் ஆட்டுக் குடலில் செய்த உறைகளை ஆண்கள் பயன்படுத்தினார்கள்.

1839-ம் ஆண்டில், அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். வண்டிச் சக்கரத்துக்கு டயர் வந்தது அதனால்தான். ரப்பர் உறை வந்ததும் அதனால்தான்.

ஆணுறை

இப்போதைய உறைகள், ரப்பர் பாலில் செய்யப்படுகின்றன. விந்து உள்ளே போகாதபடி உறை பிடித்துக் கொள்கிறது. அவ்வளவுதான். உடம்புக்குள் எந்த மருந்தும் போவது இல்லை.

இந்திய அரசு 1968-ம் ஆண்டில் "நிரோத்" என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 3 உறைகள் 15 காசு. தேயிலைக் கம்பெனிகள், சோப்புக் கம்பெனிகள் ஆகியவற்றின் வினியோகஸ்தர்கள் மூலம் அது பெட்டிக் கடைகள் வரை போய்ச் சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் அதற்காக ஒரு தொழிற்சாலையும் அமைந்தது.

ஒவ்வொரு தடவையும், சரியான முறையில் அணிந்தால், ஓர் ஆண்டில் 100 பெண்களில் 2 பேருக்கே கரு தங்கும். ஆனால் "இன்று ஒரு நாள்தானே" என்று விட்டுவிடுகிறவர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அது 13 ஆகிறது. தவறு பெரும்பாலும் உறையில் இல்லை. பழக்கத்தில் இருக்கிறது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: ரப்பர் உறையின் மேல் தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவற்றைத் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்து கிழிந்து போகும். வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. உறையின் மேல் அச்சிட்டு இருக்கும் தேதி முடிந்ததைப் பயன்படுத்தக் கூடாது. ஒன்றை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தவும் கூடாது.

எய்ட்ஸ், மேக நோய் போன்ற வியாதிகளையும் சேர்த்துத் தடுப்பது ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆன இந்த உறைகள்தான். மாத்திரையோ, ஆபரேஷனோ அதைச் செய்யாது.

மாத்திரை பிறந்த கதை

கர்ப்பம் ஆன பெண்ணுக்கு மறுபடியும் முட்டை வெளியே வருவது இல்லை. ஏன்? "கரு இருக்கிறது, இப்போது முட்டை தேவை இல்லை" என்று உடம்பில் ஊறும் சில சுரப்பு நீர்கள் தகவல் சொல்லிவிடுகின்றன. அந்தச் சுரப்பு நீர்களுக்கு ஹார்மோன் என்று பெயர்.

"அதே ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால்?" என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். ஆனால் மிருகங்களின் உடம்பில் இருந்து அதை எடுப்பதற்கு ஏகப்பட்ட செலவு. அமெரிக்க ரசாயன நிபுணர் ரசல் மார்க்கர், மெக்சிகோ நாட்டுக் காட்டில் விளையும் ஒரு வள்ளிக் கிழங்கில் இருந்து அதைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். விலை மளமள என்று இறங்கியது.

கிரிகோரி பின்கஸ் என்ற விஞ்ஞானி மாத்திரையை உருவாக்கும் வேலையில் இறங்கினார். அவரைத் தூண்டியவர், மார்கரெட் சாங்கர் அம்மையார். நர்சாக வேலை பார்த்தவர். ஏழைப் பெண்கள், பிள்ளைப் பேற்றாலும் கருச்சிதைவாலும் சாவதைக் கண்ணால் கண்டவர். பணம் கொடுத்தவர் கேதரின் மெக்கார்மிக் என்ற செல்வச் சீமாட்டி.

1960-ம் ஆண்டில் அமெரிக்க அரசு கர்ப்பத் தடை மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. அந்த முதல் மாத்திரையில் மருந்தின் அளவு மிகவும் அதிகம். அதனால் பெண்கள் பலருக்கு வாந்தியும் மயக்கமும் வந்தன. சிலருக்கு ரத்தம் உறைந்தது. அதில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கப்படும் "மாலா" மாத்திரையில் 30 மைக்ரோகிராம்தான் இருக்கிறது.

ஓர் அட்டையில் 28 மாத்திரைகள். 21 மாத்திரைகளில் ஹார்மோன் இருக்கும். மீதி 7, இரும்புச் சத்து மாத்திரை. தினமும் ஒன்று. மறக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடும்போது முட்டை வெளியே வராது. கருப்பை வாயில் உள்ள சளி கெட்டியாகி, விந்து அணுவுக்கு வழி விடாது. மாத்திரையை நிறுத்தினால் கரு தங்கும் சக்தி திரும்பிவிடும்.

ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டால் 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவது இல்லை. மறப்பவர்களையும் சேர்த்தால் 7 பேர்.

யார் சாப்பிடக் கூடாது? ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், ரத்தம் உறையும் வியாதி உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், 35 வயதுக்கு மேல் ஆன, புகை பிடிக்கும் பெண்கள் இதைத் தொடக் கூடாது. குழந்தைக்கு 6 மாதம் ஆகும் வரை பால் கொடுக்கும் தாய்க்கும் இது ஏற்றது அல்ல. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரி சாப்பிடுகிறாள் என்று வாங்கிச் சாப்பிடாமல், டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

லக்னோவில் பிறந்த மாத்திரை

தினமும் மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கு, வாரம் ஒரு முறை சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. இது நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. லக்னோ நகரில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் பாடுபட்டு இதைக் கண்டுபிடித்தார்கள். 1991-ம் ஆண்டில் "சஹேலி" என்ற பெயரில் கடைக்கு வந்தது. இப்போது "சாயா" என்ற பெயரில் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

இதில் ஹார்மோன் இல்லை. கருப்பையின் உள் சுவரில் கரு ஒட்டிக் கொள்ளாதபடி செய்கிறது. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு மாத்திரை. பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிடலாம். சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டியது இல்லை. 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதித்துக் கொள்வது நல்லது.

மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி

மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்கு ஊசி உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் அதன் பெயர் "அந்தரா". 3 மாதத்துக்கு ஒரு முறை போட்டுக் கொள்ள வேண்டும். முட்டை வெளிவருவதை இது நிறுத்தி வைக்கிறது.

இதிலும் மாதவிலக்கு ஒழுங்காக வராது. சிலருக்கு அடியோடு நின்றுவிடும். ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்குவதற்குச் சில மாதங்கள் தாமதம் ஆகும். ஆறு மாதத்திலேயே அடுத்த பிள்ளை வேண்டும் என்று இருப்பவர்களுக்கு இது சரிப்படாது.

வளையமும் செம்பும்

1965-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் "லூப்" என்ற பேச்சாக இருந்தது. அமெரிக்க டாக்டர் ஜாக் லிப்பஸ் கண்டுபிடித்த, பாம்பு போல் வளைந்த பிளாஸ்டிக் துண்டு அது. அதைக் கருப்பைக்குள் வைத்தார்கள். லட்சக்கணக்கான பெண்களுக்கு அவசரம் அவசரமாகப் பொருத்தினார்கள். ஆனால், பிறகு வலி என்றும் ரத்தப் போக்கு என்றும் வந்தவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. லூப்பின் பெயர் கெட்டுப் போயிற்று.

பிறகு, சிலி நாட்டு டாக்டர் ஹைமே சிப்பர், கருப்பைக்குள் சிறிது செம்பு இருந்தால் கரு தங்குவது இல்லை என்று கண்டுபிடித்தார். அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் டாட்டம், ஆங்கில "டி" எழுத்தைப் போன்ற பிளாஸ்டிக் துண்டைச் செய்து இருந்தார். இரண்டும் சேர்ந்து "காப்பர்-டி" ஆயிற்று.

பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றப்பட்டு இருக்கிறது. செம்பு சிறுகச் சிறுகக் கரைகிறது. அது விந்து அணுக்களைச் செயல் இழக்கச் செய்கிறது. முட்டை வரும், ஆனால் அதனிடம் போய்ச் சேர உயிருள்ள அணு இராது.

ஒரு முறை பொருத்தினால் 10 ஆண்டு வரை வேலை செய்யும் ரகம் உண்டு. 5 ஆண்டு ரகமும் உண்டு. ஆபரேஷன் இல்லை, மயக்க மருந்து இல்லை. பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளேயே பொருத்திக் கொள்ளலாம். குழந்தை வேண்டும் என்று தோன்றினால், எந்த நாளிலும் எடுத்துவிடலாம். எடுத்த உடனேயே கரு தங்கும். 100 பேரில் ஒருவருக்குக்கூடத் தவறுவது இல்லை.

தொந்தரவு இல்லையா? உண்டு. முதல் சில மாதங்களில் மாதவிலக்கு அதிகமாகப் போகும், வலிக்கும். சிலருக்குத் தானாக நழுவி விழுந்துவிடும். ஆகவே சொன்ன நாளில் போய்ப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். "அது வயிற்றுக்குள் நடந்து போய் நெஞ்சில் ஏறிவிடும்" என்பது வெறும் கட்டுக்கதை.

அவசர மாத்திரை

உறை கிழிந்து போயிற்று. அல்லது மறந்து போயிற்று. என்ன செய்வது? அதற்கு அவசர மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறார்களோ, அவ்வளவு பலன்.

இது முட்டை வெளிவருவதைத் தள்ளிப் போடுகிறது. ஏற்கனவே தங்கிய கருவைக் கலைக்காது. இதை வாடிக்கையாகச் சாப்பிடக் கூடாது.

கருக்கலைப்பு என்பது வேறு காரியம். 1971-ம் ஆண்டுச் சட்டப்படி, அதை உரிய டாக்டரிடம், உரிய ஆஸ்பத்திரியில்தான் செய்து கொள்ள வேண்டும். பப்பாளிக்காய், எருக்கங்குச்சி, கைமருந்து ஆகியவற்றை நம்பி உயிரை விட்டவர்கள் ஏராளம்.

ஆபரேஷன்: யாருக்கு?

இனிமேல் குழந்தையே வேண்டாம் என்று உறுதியாக முடிவு செய்தவர்களுக்கு ஆபரேஷன்.

பெண்ணுக்கு: வயிற்றில் சிறிது கீறி, இரண்டு கருக்குழாய்களையும் கட்டி வெட்டுகிறார்கள். முட்டையும் அணுவும் சந்திக்க வழி இல்லை. மாதவிலக்கு நிற்காது. 200 பேரில் ஒருவருக்குத் தவறிப் போவது உண்டு.

ஆணுக்கு: விந்து அணு வரும் இரண்டு குழாய்கள், விதைப்பையின் தோலுக்குக் கீழேயே இருக்கின்றன. வயிற்றைத் திறக்க வேண்டியது இல்லை. சீன டாக்டர் லீ சுன்சியாங் 1974-ம் ஆண்டில் கண்டுபிடித்த முறையில் கத்திகூடத் தேவை இல்லை. கூரான ஒரு கருவியால் சிறு துளை போட்டு, குழாயை வெளியே எடுத்து, வெட்டிக் கட்டுகிறார்கள். தையல் இல்லை. சிறிது நேரத்தில் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

"ஆண்மை போய்விடும். உடம்பில் பலம் போய்விடும். மூட்டை தூக்க முடியாது" என்று ஆண்கள் பயப்படுகிறார்கள். இது தவறு. ஆணின் பலத்துக்குக் காரணமான ஹார்மோன், குழாய் வழியாகப் போவது இல்லை. ரத்தத்தில் நேராகக் கலக்கிறது. குழாயை வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது. இன்பம் குறையாது. விந்து வரும், அதில் அணு மட்டும் இராது.

ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கனவே குழாயில் தங்கிய அணுக்கள் வெளியேறச் சுமார் 3 மாதம் ஆகும். அதுவரை உறை அணிய வேண்டும். பிறகு விந்துவைப் பரிசோதித்து, "அணு இல்லை" என்று டாக்டர் சொல்ல வேண்டும். இது தெரியாமல், மனைவி கர்ப்பம் ஆனவுடன் அவள் மேல் சந்தேகப்பட்டுக் குடும்பத்தைக் குலைத்துக் கொண்டவர்கள் உண்டு!

இரண்டில் ஆணின் ஆபரேஷன்தான் சுலபம். அபாயமும் குறைவு. ஆனால் நடப்பது என்ன? 2019-21-ம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, இந்தியாவில் மணமான 100 பெண்களில் ஏறக்குறைய 38 பேர் ஆபரேஷன் செய்து கொண்டு இருக்கிறார்கள். கணவன் ஆபரேஷன் செய்து கொண்டு இருப்பது, ஆயிரத்தில் 3 குடும்பங்களில்தான்!

சென்னையில் எழுந்த குரல்

எப்போதும் இப்படி இருந்தது இல்லை. தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் நீண்ட சரித்திரம் உண்டு.

1928-ம் ஆண்டிலேயே சென்னையில், கர்ப்பத் தடையைப் பரப்புவதற்குச் சங்கம் அமைத்தார்கள். பெரியார் ஈ.வெ.ராமசாமி "குடி அரசு" பத்திரிகையில் அதை ஆதரித்து எழுதினார். வறுமை தீரும் என்பதற்காக மற்றவர்கள் ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்கு அது தேவை என்று அவர் வாதாடினார்.

காந்தி அடிகள் அதற்கு எதிர்க் கருத்து கொண்டு இருந்தார். 1935-ம் ஆண்டு இறுதியில் மார்கரெட் சாங்கர் அம்மையார் வார்தாவுக்கு வந்து அவரைச் சந்தித்தார். பிள்ளைகள் அதிகம் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஆனால் சாதனங்கள் கூடாது, புலன் அடக்கமே வழி என்று காந்தி சொன்னார். இருவரும் உடன்படாமலே பிரிந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-ம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற முதல் நாடு, இந்தியா. தொடக்கத்தில், நாளை எண்ணும் முறையைப் பரப்பினார்கள். படிக்கத் தெரியாத பெண்களுக்காக மணி மாலை கொடுத்தார்கள். பச்சை மணி வந்தால் சேரலாம். சிவப்பு மணி வந்தால் கூடாது. பெண்கள் மணியைத் தள்ள மறந்து போனார்கள். மாலையைக் கழுத்தில் போட்டுக் கொண்டாலே போதும் என்று நினைத்தவர்களும் உண்டு என்று சொல்வார்கள். திட்டம் தோற்றது.

1950-60-களில் சென்னை மாகாணம் ஆண்களின் ஆபரேஷனில் முன்னணியில் நின்றது. செய்து கொண்ட ஏழைத் தொழிலாளிகளுக்கு 30 ரூபாய் உதவித் தொகை கொடுக்கப்பட்டது.

கட்டாயத்தால் வந்த கேடு

1975-ம் ஆண்டில் நெருக்கடி நிலை வந்தது. வட மாநிலங்களில் ஆண்களைப் பிடித்துப் பிடித்து ஆபரேஷன் செய்தார்கள். சம்பளத்தை நிறுத்துவோம் என்று ஊழியர்களை மிரட்டினார்கள். 1976-77-ல் ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. மக்கள் கொதித்தார்கள். 1977 தேர்தலில் அரசு கவிழ்ந்தது.

அதன் பிறகு ஆண்கள் ஆபரேஷன் பக்கமே திரும்பவில்லை. முழுப் பாரமும் பெண்கள் தலையில் விழுந்தது. முகாம் போட்டு, வரிசையாகப் படுக்க வைத்து ஆபரேஷன் செய்தார்கள். 2014-ம் ஆண்டு நவம்பரில், சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பல தாய்மார்கள் இறந்தார்கள். முகாம்களை நிறுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ம் ஆண்டில் உத்தரவு போட்டது.

இந்தக் கதைகளில் உள்ள பாடம் ஒன்றுதான். செய்து கொள்கிறவருக்கு விஷயம் தெரிய வேண்டும். அவருடைய சம்மதம் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நல்ல மருந்தும் கெட்ட பெயர் எடுக்கும்.

தமிழ்நாட்டில் இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரி 2 குழந்தைகூட இல்லை. ஆகவே, "எத்தனை குழந்தை?" என்பது இங்கே பெரிய கேள்வி அல்ல. "எப்போது?", "யார் முடிவு செய்வது?" என்பவைதான் கேள்வி.

மறுபடியும் பிரசவ வார்டு

நர்சு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மேஜையில் இருந்த மாதிரிகளைக் கையில் கொடுத்துக் காட்டினார்.

"உனக்கு வயது 23தான். பிள்ளை இன்னும் வேண்டுமா, வேண்டாமா என்று நிதானமாக யோசித்துச் சொல். அதுவரை காப்பர்-டி போட்டுக் கொள்ளலாம். நாளைக்குள் போட்டுவிடலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். இரும்பு மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட வேண்டும்" என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். "உனக்கு எது சம்மதமோ அதைச் செய்" என்றான் அவன்.

மாமியார் பேசாமல் இருந்தாள். பிறகு பேத்தியை எடுத்து மடியில் வைத்துக் கொண்டாள்.

"என்னை யார் கேட்டார்கள்? நாலாவது பிறந்ததும் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். இத்தனை வழி இருக்கிறது என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை" என்றாள். "அவள் இஷ்டப்படியே செய்யுங்கள், நர்சம்மா."

எல்லாரும் நகர்ந்த பிறகு, கணவன் மெதுவாக நர்சிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக் கொண்டு கேட்டான்:

"ஆம்பிளைக்குச் செய்தால், எத்தனை நாள் வேலைக்குப் போகக் கூடாது, அம்மா?"

"இரண்டு நாள் ஓய்வு. மூட்டை தூக்க ஒரு வாரம் பொறுக்க வேண்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டினான். "பிள்ளைகள் இரண்டும் கொஞ்சம் பெரிதாகட்டும். அப்போது நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, மூத்த பையனைத் தோளில் தூக்கிக் கொண்டு டீ வாங்கப் போனான்.